வெளியே கிளம்பும் முன் அறையிலேயே குடித்துவிடுவது ஏன்?

தாழ்வாரம் எழுதியது:

பல்கலைக்கழக மாணவர்களுக்கான நலக் குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். மது குறித்து நாங்கள் அச்சிடும் துண்டறிக்கைகள் அனைத்தும் பார், கிளப், விருந்து ஆகிய இடங்களைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் இரவில் சிக்கலில் மாட்டிக்கொண்ட மாணவர்களுடன் மறுநாள் பேசும்போது, அவர்களில் பலர் அந்த இடங்களுக்குள் கால் வைக்கும் முன்பே போதையில் இருந்தார்கள் என்பது தெரியவருகிறது. விடுதி அறையிலோ நண்பரின் வீட்டிலோ கூடி, ஓரிரு மணி நேரத்தில் வேகமாகக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகே கிளம்புகிறார்கள். போகுமிடத்தில் மது கிடைக்கும் என்று தெரிந்தும் ஏன் இப்படிச் செய்கிறார்கள், இந்தப் பழக்கத்துக்கே உரிய கேடு எது என்று இங்கே விவாதிக்க விரும்புகிறேன். 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற வாசகத்தை நாங்களும் அறிவோம். அதைப் படித்து யாரும் கோப்பையைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. காரணம் விளங்கினால், சொல்லும் முறையையாவது மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாமாண்டு எழுதியது:

நான் மாணவன், நீங்கள் சொல்லும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் முதலில் விலையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கடையில் வாங்கும் ஒரு புட்டியின் விலைக்கு வெளியே இரண்டு கோப்பைகூடக் கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், பணவசதி உள்ளவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள் அல்லவா? அவர்களும் வருகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், பலருக்கு அந்த இரவின் சிறந்த பகுதியே அந்த அறைதான். நமக்குப் பிடித்த பாட்டை நாமே போடலாம். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். வகுப்பில் பேசியே பழகாத ஒருவன் அங்கே வாய் திறக்கிறான். கிளப்புக்குள் போன பிறகு காதோடு காதாகக் கத்தினாலும் எதுவும் கேட்பதில்லை. மேலும், தனித்தனியாகப் போய் வாசலில் ஒருவரையொருவர் தேடுவதைவிட ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போவது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. அந்தக் கூடுகையில் மதுவும் இருக்கிறது என்பதே என் அனுபவம். மதுவுக்காகவே கூடுகிறோம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன்.

கணக்கன் எழுதியது:

விலை என்ற காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அறையில் குடித்தவர் வெளியே அந்த அளவுக்குக் குறைவாகக் குடிக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் இளைஞர்களிடம் வார இறுதி மாலைகளில் கைபேசி வழியாக அவ்வப்போது கேள்வி கேட்டுப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வெளியிடத்தில் மட்டும் குடித்த மாலைகளில் சராசரியாக நான்கு கோப்பையளவு குடித்தவர்கள், முன்கூட்டியே குடித்துவிட்டுப் போன மாலைகளில் ஏழு கோப்பையளவு வரை போயிருந்தார்கள். நினைவு தப்புதல், காயம், சண்டை போன்ற விளைவுகளும் அத்தகைய மாலைகளில் கூடுதலாக இருந்தன. ஆக, அறையில் குடித்தது வெளியே குடிக்கவிருந்ததைக் கழிக்கவில்லை; அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சேமிப்பு என்பது கிளம்பும்போது போடும் கணக்கு. இரண்டாவது கோப்பைக்குப் பிறகு அந்தக் கணக்கைப் பார்க்க யாரும் இருப்பதில்லை.

மூன்றாமாண்டு எழுதியது:

கணக்கன் அவர்களுக்கு ஒரு மறுப்பு. இன்று அதிகம் குடிக்கப்போகிறேன் என்று முடிவுசெய்துகொண்டவர்தான் முன்கூட்டியே தொடங்குகிறார் என்றால், அறையில் குடித்தது காரணமா, அல்லது அந்த முடிவின் அடையாளம் மட்டும்தானா?

கணக்கன் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த ஆய்வு ஆட்களை ஆட்களோடு மட்டுமல்லாமல் மாலைகளை மாலைகளோடும் ஒப்பிட்டது என்பதால், 'இவர் எப்போதுமே அதிகம் குடிப்பவர்' என்ற விளக்கம் ஓரளவு அடிபட்டுப் போகிறது. அன்றைய நோக்கம் என்ற விளக்கம் முழுவதும் விலகிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நோக்கமும் வாய்ப்பும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் குடிப்பவருக்குப் பத்து மணிக்குத் தொடங்குபவரைவிட மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. எந்த நோக்கத்தோடு தொடங்கினாலும் அந்த நேரம் நிரம்பத்தான் செய்யும்.

இரவுப்பணி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். இங்கே எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதைப் பற்றியே பேச்சு போகிறது. எவ்வளவு நேரத்தில் குடிக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பழக்கத்தின் தனிக்கேடு என்பது என் கருத்து. ஆகவே சற்று நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நம் கல்லீரல் மதுவைச் சிதைக்கும் வேகத்தை நாம் விரும்பியபடி கூட்ட முடியாது. தோராயமாக ஒரு மணி நேரத்துக்கு இரத்தத்திலுள்ள மதுவின் அளவு 0.015 விழுக்காடு குறைகிறது. அதாவது ஒரு கோப்பையளவை, நாட்டுக்கு நாடு மாறுபடும் வரையறைப்படி பெரும்பாலும் 8 முதல் 14 கிராம் வரையிலான எத்தனாலை, அகற்றவே ஏறக்குறைய ஒரு மணி நேரமாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆண் ஐந்து கோப்பையோ பெண் நான்கு கோப்பையோ குடித்தால் இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 விழுக்காட்டைத் தொட்டுவிடும் என்பது அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. அறையில் நடக்கும் கூட்டத்தில் விளையாட்டு, பந்தயம் என்று சேர்ந்துகொண்டால் இந்த அளவு மிக எளிதாகத் தாண்டப்படுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடைசி மடக்குக்குப் பிறகும் இரத்தத்தில் மது ஏறிக்கொண்டே இருக்கும். உச்சத்தை எட்ட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். மாணவர்கள் 'கிளம்ப வேண்டும்' என்று எஞ்சியதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்திருப்பது வழக்கம். வாசலில் நிற்கும் காவலர் அவர்களைப் பார்க்கும்போது நடை தள்ளாடாமல் இருக்கும், பேச்சும் குழறாது. உள்ளே போய் இரண்டு கோப்பை வாங்கும் நேரத்தில்தான் அறையில் குடித்ததன் முழு வேகமும் வந்து சேர்கிறது. அவர்கள் அதை அந்த இரண்டு கோப்பையின் விளைவாக நினைத்துக்கொள்கிறார்கள். 'அங்கே ரெண்டுதான் குடிச்சேன் டாக்டர்' என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை; அறையில் குடித்ததைக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றவேயில்லை.

அளவு என்பது இன்னொரு சிக்கல். பாரில் அளந்து ஊற்றுகிறார்கள். அறையில் ஊற்றுபவருக்குக் கைதான் அளவு. ஒரு கோப்பையளவை ஊற்றிக்காட்டுங்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்ட ஆய்வுகளில், அவர்கள் வரையறுக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாகவே ஊற்றினார்கள். கோப்பை பெரிதானால் பிழையும் பெரிதாகிறது. ஆகவே 'மூன்றுதான் குடித்தேன்' என்பதில் வரும் மூன்று, உண்மையில் ஐந்தாக இருக்கலாம்.

இனி நினைவு தப்புதல். இதை மயங்கி விழுவதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மயங்கியவர் படுத்துவிடுவார், நினைவு தப்பியவர் நடப்பார், பேசுவார், பணம் கொடுப்பார், வண்டியில்கூட ஏறுவார், ஆனால் அவை எதுவும் மூளையில் பதிந்திருக்காது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை மது முடக்கிவிடுவதே காரணம். இது நேர்வதற்கு மொத்த அளவு எவ்வளவு காரணமோ, அளவு ஏறும் வேகமும் அவ்வளவு காரணம். வெறும் வயிற்றில் வேகமாகக் குடிப்பவருக்கு நேரும் வாய்ப்பு மிகுதி. முன்மாலையில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கூடுவது இதற்கென்றே அமைத்த ஏற்பாடு போலிருக்கிறது.

பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு சராசரியாகக் குறைவு என்பதால், ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். சுற்று வைத்து எல்லாருக்கும் சமமாக ஊற்றும் அறையில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆற்றல் பானத்தோடு கலந்து குடிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதிலுள்ள கஃபீன் தூக்கக் கலக்கத்தை மட்டுமே மறைக்கும், தடுமாற்றத்தைக் குறைக்காது. போதை ஏறவில்லை என்று நம்பி மேலும் குடிக்கச் செய்யும். மதுவில் கஃபீன் சேர்த்து விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதும் இதனால்தான்.

நெய்தல் எழுதியது:

மருத்துவர் அவர்கள் உடலைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. உளவியல் படிப்பவள் என்ற முறையில் 'ஏன்' என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறேன். விலையும் பேச்சும் காரணங்களே. அவற்றுக்கு அடியில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது அச்சம் என்று நினைக்கிறேன். அங்கே எல்லாரும் ஏற்கெனவே குதூகலத்தில் இருப்பார்கள், நான் மட்டும் தெளிவாகப் போய் நின்றால் என்ன செய்வேன், கையை எங்கே வைப்பேன் என்ற அச்சம் அது. புதியவர்களிடம் பேச வேண்டும், ஆட வேண்டும், பிடித்தவரை நெருங்க வேண்டும்; இவை எதற்கும் தெளிந்த நிலையில் துணிவு வராது என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். ஆகவே துணிவை அறையிலேயே நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.

இந்த நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மார்லட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1973இல் வெளியிட்ட சோதனையில், கோப்பையில் வோட்கா இருந்ததா இல்லையா என்பதைவிட, இருப்பதாகக் குடித்தவர் நம்பினாரா என்பதே அவர் எவ்வளவு குடித்தார் என்பதைத் தீர்மானித்தது. அதன் பின் வந்த சோதனைகளில், மதுவே இல்லாத பானத்தை மது என்று நம்பிக் குடித்த மாணவர்களும் கலகலப்பாகப் பேசத் தொடங்கியதுண்டு. கூச்சத்தைப் போக்கியது மது என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, 'இனி நான் என்ன செய்தாலும் மதுவின் கணக்கில் போகும்' என்று நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் அனுமதி.

இரண்டாவதாக, எல்லாரும் குடிக்கிறார்கள் என்ற எண்ணமே மிகைதான். மாணவர்கள் தம் சக மாணவர்கள் குடிப்பதை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்று பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் காட்டினார்கள். பின்னர் பல வளாகங்களிலும் இதுவே கண்டறியப்பட்டது. இல்லாத ஒரு கூட்டத்துக்கு ஈடுகொடுக்கத்தான் பலர் அவசரமாகக் குடிக்கிறார்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாதவர் வாங்கித் தரும் கோப்பையில் என்ன கலந்திருக்குமோ என்று அஞ்சி, நம்பிக்கையான தோழியரோடு அறையில் குடிப்பதே பாதுகாப்பு என்று நினைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தாம் வாழும் சூழலைச் சரியாகப் படித்தவர்களின் முடிவு அது. ஆனால் மருத்துவர் சொன்ன அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கின்படி, தோழியர் உடனிருக்கும் அறையில் குடித்த மதுவின் உச்சம், தோழியர் பிரிந்து நிற்கும் இடத்தில் வந்து சேர்கிறது. அந்த நிலையில் இருக்கும் ஒருத்தியிடம் ஒருவன் அத்துமீறினால் குற்றம் முழுவதும் அத்துமீறியவனுடையதே. துண்டறிக்கையில் இதை மழுப்பாமல் எழுதுங்கள். 'அதிகம் குடிக்காதீர், பாதுகாப்பாக இருப்பீர்' என்று பெண்களிடம் மட்டும் சொல்லும் துண்டறிக்கைகளைப் பார்த்துச் சலித்துவிட்டது.

பழைய ஏடு எழுதியது:

விதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து மது வாங்கும் வயது எல்லா மாநிலங்களிலும் 21 ஆனது. இளங்கலை மாணவர்களில் பலர் அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்கள். பாரில் கோப்பை கிடைக்காது என்று தெரிந்தவர்கள் அறையில் குடித்துவிட்டுப் போகிறார்கள். அதே சட்டம் சாலை விபத்துச் சாவுகளைக் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். விதி தவறு என்பது என் வாதமல்ல. ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் புடைக்கும் என்பதே வாதம். வெல்ஸ், கிரகாம், பர்செல் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதே கேள்வியை எழுப்பினார்கள்: பார்களை மட்டும் குறிவைக்கும் கட்டுப்பாடுகள் குடியை அறைகளுக்குள் தள்ளிவிடுகின்றனவா? கடையில் மலிவாகவும் பாரில் விலை உயர்ந்தும் விற்கும் வரை அந்தத் தள்ளுதல் நிற்காது. ஸ்காட்லாந்து 2018இல் மதுவின் அளவைப் பொறுத்துக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தபோது, அதன் பாதிப்பு பெரும்பாலும் கடைகளில் விற்கும் மலிவான மதுவின் மீதுதான் விழுந்தது. மாணவர்களை மட்டும் கருதிக் கொண்டுவந்த சட்டம் அல்ல அது. ஆனாலும் இந்த விவாதத்துக்குப் பொருந்துகிறது.

சண்டையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வடமேற்கு இங்கிலாந்தின் நகரம் ஒன்றில் இரவுக் கேளிக்கைக்கு வந்த இளைஞர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே குடித்துவிட்டு வருவதாகச் சொன்னவர்கள் கடந்த ஓராண்டில் அந்நகரின் இரவு வட்டாரத்தில் சண்டையில் சிக்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்காக இருந்தது. சண்டை என்றால் இருவர் கைகலப்பது மட்டுமல்ல. வழியில் நின்ற மூன்றாமவர் அடிபடுவதும் அதில் அடங்கும்.

மூன்றாமாண்டு எழுதியது:

அப்படியானால் பார்களின் மேல் குற்றமே இல்லையா?

பழைய ஏடு எழுதியது:

இருக்கிறது. ஏற்கெனவே போதையில் வந்தவருக்கு ஊற்றிக் கொடுப்பவர் பார்க்காரர்தானே. எங்கே ஏறிய போதை என்று பார்த்து வாந்தி வருவதில்லை.

குடிக்காதவன் எழுதியது:

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் குடிப்பவர்களின் காரணத்தையே ஆராய்ந்தார்கள். நான் குடிப்பதில்லை, ஆனாலும் அந்த அறைக்குப் போகிறேன், ஏனென்றால் நட்பு அங்கேதான் நடக்கிறது. ஒன்பது மணிக்கு நேராகக் கிளப்புக்கு வருகிறேன் என்று சொன்னால், அதற்குள் உருவாகிவிட்ட சிரிப்புக்கும் கேலிக்கும் நான் வெளியாளாகிவிடுகிறேன். அறைக்குப் போனாலோ, 'ஒரே ஒரு வாய்' என்ற வற்புறுத்தலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் மேலாக, குடிக்காத ஒருவன் கூட்டத்தில் இருக்கிறான் என்றால் இரவு முழுவதற்கும் அவனே காவலாளி. யார் எங்கே போனார்கள், யாருடைய கைபேசி யாரிடம், யார் தலையைப் பிடிப்பது, எல்லாம் அவன் பொறுப்பு. இந்தப் பழக்கத்தின் கேடுகளைப் பட்டியலிடும்போது, கோப்பையைத் தொடாதவர்கள் மேல் விழும் இந்தச் சுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெய்தல் அவர்கள் சொன்ன மிகை மதிப்பீட்டுக்கும் இதில் பங்குண்டு: என்னைப் போன்றவர்கள் கையில் குளிர்பானக் கோப்பையோடு நின்றால், பார்ப்பவர்கள் நாங்களும் குடிப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

தாழ்வாரம் எழுதியது:

குடிக்காதவன் அவர்களின் பதிவு எங்கள் குழுவில் ஒருமுறைகூடப் பேசப்படாத பக்கத்தைக் காட்டுகிறது; நன்றி. மருத்துவரிடம் ஒரு கேள்வி. நிலைமை மோசமாகும்போது உதவிக்கு அழைக்க மாணவர்கள் தயங்குகிறார்கள். விடுதியில் தண்டனை வரும், வீட்டுக்குத் தெரியும் என்ற பயம். 'படுக்கவைத்தால் சரியாகிவிடும்' என்று அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விடுவதும் நடக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

அதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. முன்பு சொன்னபடி, படுத்த பிறகும் மதுவின் அளவு ஏறலாம். எழுப்பினால் எழாதது, மூச்சு நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவது, இரு மூச்சுகளுக்கு இடையே பத்து நொடிக்கு மேல் இடைவெளி விழுவது, தோல் நீலம் பாய்ந்து சில்லிடுவது, நினைவில்லாமல் வாந்தி எடுப்பது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். எல்லாம் சேரும்வரை காத்திருக்கக் கூடாது. அதுவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவர் தன் வாந்தியிலேயே மூச்சடைத்து இறந்துபோகலாம். காப்பியும் குளிர்ந்த நீர்க் குளியலும் இரத்தத்திலிருக்கும் மதுவைத் துளியும் குறைப்பதில்லை. குளியல் ஏற்கெனவே குறைந்துள்ள உடல் வெப்பத்தை இன்னும் குறைத்துவிடும்.

தண்டனைப் பயத்துக்கு நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல், மது தொடர்பான மருத்துவ உதவிக்கு அழைப்பவர் மீதும் உதவி தேவைப்பட்டவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில்லை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின. உங்கள் குழுவுக்கு நிர்வாகத்திடம் செல்வாக்கு இருந்தால், துண்டறிக்கைக்கு முன்பாக இதைக் கேளுங்கள்.

மூன்றாமாண்டு எழுதியது:

சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் போதுமா, டாக்டர்? எங்கள் கூட்டத்தில் எல்லாரும் இதைத்தான் நம்புகிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

உணவு, மது சிறுகுடலுக்குப் போவதைத் தாமதப்படுத்தும். உச்சம் சற்றுத் தாழும். ஆகவே சாப்பிடுவது நல்லது. ஆனால் வயிறு நிறைந்திருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டு கோப்பை கூடுதலாகக் குடித்தால் அந்த நன்மை அங்கேயே தீர்ந்துவிடும்.

தாழ்வாரம் எழுதியது:

இதுவரை வந்தவற்றைக் கொண்டு துண்டறிக்கையைத் திருத்தி எழுதப்போகிறோம். குடிக்காதே என்ற வாசகத்தை முதல் வரியிலிருந்து எடுத்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் எஞ்சியதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம் என்பதையும், அறையில் குடித்ததையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்பதையும், யாரையும் தனியே படுக்கவைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதையும் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆபத்து அறிகுறிகள் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். அத்துடன் விடுதி அறைகளுக்கு அளவுக் கோப்பைகள் கொடுக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார்.

குடிக்காதவன் எழுதியது:

அளவுக் கோப்பை மட்டும் வேண்டாம். ஒரே வாரத்தில் அதை வைத்து ஒரு புதுப் பந்தயம் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பணத்தில், இரவு ஏழு மணிக்குக் குடிக்காமலும் கூடி உட்காரக்கூடிய ஒரு பொது அறையைப் பாட்டுப் பெட்டியோடு திறந்துவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.